கட்டிப்போட்ட கம்பி

அந்த லாண்டரியில் அவருக்குப் பெயர் 'சரிப்பா'. முகத்துக்கு நேரே 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'சரிப்பா'. லீவு கேட்டால் சரிப்பா, ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாலும் சரிப்பா. காலையில் ஒருவரிடம் சொன்ன சரிப்பாவும் மதியம் இன்னொருவரிடம் சொன்னதும் சாயங்காலம் முட்டிக்கொள்ளும். அப்போது மேனேஜரான அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஆளில்லாத இடத்தில் போய் நிற்பார்.

சின்ன வயதில் அப்பா வீட்டில் கத்தும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டவர் அவர். வளர்ந்த பிறகு யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை என்று வைத்துக்கொண்டார். துவைக்கும் மெஷினில் துணி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அவரை முதலாளி மேனேஜராக்கியபோது, அவர் மனைவிதான் சிரித்தாள்.

"எறும்பை விரட்டவே உங்களுக்குக் கூச்சம். ஆளுங்களை எப்படி விரட்டப் போறீங்க?"

"எதுக்கு விரட்டணும்? சொன்னா கேட்டுப்பாங்க."

முதலில் கேட்கவும் செய்தார்கள். பழைய மேனேஜர் எரிந்து விழுகிறவர். முதலாளியின் இன்னொரு கடைக்கு அவர் மாற்றலாகிப் போனதும் எல்லோரும் வாய்விட்டுப் பேசினார்கள், சிரித்தார்கள். மனைவியின் தங்கையும் இவர் சொல்லி அங்கே வேலைக்கு வந்தாள்.

அவள் நின்றது உருளை மெஷினில். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு அதில் விடுவார்கள். கொதிக்கும் உருளைகள் இழுத்துக் காயவைத்து மடிப்பில்லாமல் தள்ளும். உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். தடித்த விரிப்பு பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. ஒருநாள் பார்த்தால், அந்தக் கம்பியைக் கிழிந்த துண்டால் மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"இது நின்னு நின்னு ஓடினா நாங்க எப்ப வீட்டுக்குப் போறதுண்ணே?" என்றாள் அந்த மெஷினின் மூத்தவள். எல்லோருக்கும் அவள் 'வாயாடி'. "ஆஸ்பத்திரி வண்டி வேற வாசல்ல நிக்குது."

"அவுத்துடுங்கம்மா."

"இந்த லோடு முடியட்டும்ணே."

"சரிப்பா. பாத்து செய்யுங்க."

கொழுந்தியாள் விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள்: "மாமா திட்டுறதைப் பாக்கணும்னா டிக்கெட் வாங்கணும் போல." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மறுநாளும் துண்டு அங்கேயே இருந்தது. பார்த்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

அந்த வாரமே, மடங்கிப் போன ஒரு விரிப்பின் முனையை நீவிவிடக் கொழுந்தியாள் கையை நீட்டினாள். துணி கையைச் சுற்றி இழுத்தது. வாயாடி ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் உருளை விரல்களை வாங்கிக்கொண்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த விரிப்பின் ஓரத்தில் அவர்கள் லாண்டரியின் முத்திரை இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நீங்க கத்தியிருந்தா," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி, "ஒரு வாரம் உங்ககூடப் பேசாம இருந்திருப்பேன் மாமா. அவ்வளவுதானே."

அவர் மனைவி தங்கையின் தலையணையைச் சரிசெய்தாள். அன்றிலிருந்து அவரிடம் எதுவுமே சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? உங்களைப் போய் யார் தப்பு சொல்லுவா?" அவர் அவர்களை விலக்கிக்கொண்டு உருளை மெஷினுக்குப் போனார். தன் கையாலேயே துண்டை அவிழ்த்தார். மாதம் முடிவதற்குள் கம்பியில் புதுத் துண்டு ஏறியிருந்தது.

"அவுருங்க!" என்று கத்தினார். குரல் பாதியில் உடைந்து கீச்சென்றது.

"அண்ணனுக்குக் கோவம் வந்தாக்கூட அழகாத்தான் இருக்கு," என்றது ஒரு குரல். சிரிப்பு. ஒருவர் கையும் துண்டுக்குப் போகவில்லை.

அவர் மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போனார்.

"இந்த வேலை எனக்கு வேண்டாங்க. பழைய ஆளையே கூப்பிடுங்க."

"அந்த ஆளையா? எல்லாரும் உன்னைத்தான் சபிப்பாங்க."

"சபிக்கட்டுங்க."

பழைய மேனேஜர் வந்த முதல் நாளே துண்டை அறுத்து எறிந்தார், வாயாடியை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு கம்பியை யாரும் தொடவில்லை. சத்தமாகப் பேசவும் இல்லை.

அவர் பழையபடி துணி அள்ளிப் போடும் இடத்துக்கே போனார். ஒருநாள் துவைக்கும் மெஷின் உள்ளுக்குள் எதையோ அரைப்பது போல் உறுமியது. திரும்பி வந்து இப்போது அங்கேயே துணி அள்ளும் வாயாடி அவர் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"கேக்காத மாதிரி இருந்துடுங்கண்ணே. போய்ச் சொன்னா நாமதான் கெடுத்தோம்னு குதிப்பாரு. நீங்க இருந்தப்ப எவ்வளவு நிம்மதி."

அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது அந்தப் பழைய வார்த்தை. விழுங்கிக்கொண்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேனேஜர் அறையின் கதவைத் தட்டினார்.

"என்னய்யா?" என்று உள்ளேயிருந்து குரல் பாய்ந்தது. கட்டிலுக்கு அடியில் கேட்ட அதே குரல்.

அவர் கதவைத் திறந்தார்.