நீலச் சட்டை போட்ட நாள்

முன்பெல்லாம் அந்த நாட்டு மண்ணைக் கிளறினால் நீலக்கல் கிடைத்தது; கிடைத்ததெல்லாம் கப்பலேறிப் போனது. இப்போது மண் கையை விரித்துவிட்டது. ஆகவே வெளிநாட்டுக் கல்லைக் கரடுமுரடாக வாங்கி, பட்டை தீட்டி, வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். இறக்குமதி செய்தால்தான் ஏற்றுமதி. இதற்கு வியாபார வளர்ச்சி என்று பெயர்.

அந்த வழிக்கு அப்போதுதான் திரும்பிய ஒரு கம்பெனியில் நிறம் பார்த்துக் கல் பிரிப்பவரை எல்லோரும் 'வெள்ளை' என்றே கூப்பிட்டார்கள். வண்ணச் சட்டை போட்டால் அதன் சாயல் கல்லில் விழுந்து கண்ணை ஏமாற்றும். அதனால் நாள் முழுக்க நிறங்களோடு குடித்தனம் நடத்தும் மனிதருக்கு உடுத்திக்கொள்ள ஒரு நிறம்கூட வாய்க்கவில்லை.

அங்கேயே பட்டை தீட்டும் சக்கரத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. கல்யாண நாளன்று நீலச் சட்டை ஒன்றை நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கிட்டு வேலைக்கா?"

"இன்னைக்குச் சரக்கு வராதுன்னு முதலாளியம்மாவே சொல்லிட்டாங்க. ஒரு நாளாவது மாப்பிள்ளை மாதிரி வாங்க."

சரக்கு வந்தது. கூடவே விற்க வந்த வியாபாரியும், மாலை விமானத்துக்குத் தயாராய் அவர் பெட்டியும்.

"நமக்கு வெளிநாட்டுச் சரக்கு இதான் முதல் தடவை," என்றார் முதலாளியம்மா. "கையைக் கடிச்சுதுன்னா சக்கரத்தையெல்லாம் நிறுத்திட வேண்டியதுதான்."

மனைவியின் சக்கரம் மனதில் சுற்ற, வெள்ளை தன் நீலச் சட்டையை மறந்து வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நீலம் அடர்ந்தால்தான் முதல் தரம்; அன்றைக்கு எந்தக் கல்லைத் தொட்டாலும் முதல் தரம். குவியல் வளர வளர முதலாளியம்மாவின் முகம் மலர்ந்தது. தன் சரக்கு இத்தனை உசத்தி என்பது வியாபாரிக்கே அன்றுதான் தெரிந்தது.

தேநீர் வந்தது. வெள்ளைக் கோப்பையை நெஞ்சருகே கொண்டுபோன வெள்ளையின் கை அப்படியே நின்றது. கோப்பை நீலமாக இருந்தது.

உடனே சட்டையைக் கழற்றினார். உள்ளே வெள்ளைப் பனியன்.

"என்னய்யா இது, வெளியாள் இருக்கும்போது?"

"தப்பு சட்டையோடதும்மா. இல்ல, போட்டவனோடது. திரும்பப் பிரிக்கணும்."

பனியனோடு பிரித்ததில் முதல் தரக் குவியல் பாதியாக இளைத்தது. வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார்.

"எத்தனையோ ஊர்ல பேரம் பேசியிருக்கேன். சட்டையைக் கழட்டிப் பேசினவரை இப்பதான் பாக்குறேன். அடுத்து என்னத்தைக் கழட்டுவாரோ? வெளிர் கல்லுக்கு வெளிர் விலையே போட்டுக்கங்கம்மா. நான் கிளம்பணும்."

அந்த விலைக்கு வெளிர் கல்லும் லாபம். மறுநாள் எல்லாச் சக்கரங்களும் சுற்றின. வெள்ளைச் சட்டையில் எட்டிப் பார்த்தவரிடம் மனைவி இரைச்சலுக்கு மேல் குரல் கொடுத்தாள்.

"ராசியான சட்டைங்க அது."

"போட்டதாலயா, கழட்டினதாலயா?"

"போட்டாத்தானே கழட்ட முடியும்?"

அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.