கொள்ளுத்தாத்தாவைத் தேடி மூன்று மாவட்டம்

எங்கள் கொள்ளுத்தாத்தா சங்கராபுரத்தைத் தாண்டிப் போனதேயில்லை. செத்த பிறகுதான் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸில் அவர் பெயர் உள்ள பதிவைக் கேட்டால், இது புது மாவட்டம், பழைய பதிவேடெல்லாம் விழுப்புரத்தில் என்றார்கள். விழுப்புரத்தில், நாங்களே கடலூரிலிருந்து பிரிந்து வந்தவர்கள்தானே என்றார்கள். கடலூருக்கு பஸ் ஏறினேன்.

இத்தனைக்கும் காரணம் பெரியப்பா. கொள்ளுத்தாத்தா ஊருக்கே ஏரி வெட்டிக் கொடுத்த வள்ளல் என்று ஒரு கல்யாணம் விடாமல் மைக்கைப் பிடித்துச் சொல்வார். அதற்கு அரசாங்கமே சாட்சி என்று காட்ட எனக்கு ஆசை.

கடலூரில் பதிவறை ஊழியர் ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார். ஊர், பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. ஏரிப் புறம்போக்கை ஆக்கிரமித்து நெல் நட்டவர்கள் பட்டியலில் வள்ளல் முதல் ஆள்.

நகலைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கீழே எறிந்தார்.

"இவன் வேற எவனோ. நம்ம வம்சத்துல யாருன்னா இத்த செய்வாங்களா?"

"சரிங்க பெரியப்பா. நீங்க ஏரிக்குள்ள கரும்பு வெச்சிக்கினு இருக்கிற எடத்துக்குப் பட்டா கேட்டீங்களே, எத்தினி தலைமுறையா பயிர் வெக்கிறீங்கன்னு தாலுகா ஆபீஸ்ல சாட்சி கேட்டாங்கல்ல?"

பெரியப்பா குனிந்து காகிதத்தை எடுத்தார். வேட்டியில் துடைத்தார்.

"இத்த நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா. எங்க தாத்தா நமக்காவ அப்பவே யோசிச்சி செஞ்சிருக்காரு."