பாலத்துக்குக் கீழே எடுத்த தண்ணீர்

ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, பெயர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் தொழில். இதில் கால் நனைவதுதான் மிகச் சிறிய தொல்லை என்பதை என்னைப் போலச் சேற்றில் இறங்கும் சக பாவிகள் அறிவீர்கள்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் குடிதண்ணீர், பாலத்தடியில் ஓடும் ஓடையிலிருந்து குழாயில் வருகிறது. ஓடைக்கு மேலே ஒரு காய்கறித் தோட்ட முதலாளி மலைச்சரிவை வெட்டத் தொடங்கினார். கீழே தண்ணீர், ஆற்றிக் கொடுக்கும் பால் தேநீரான தே தாரிக்கின் நிறத்துக்கு வந்தது. மூன்று மாதம் தொடர்ந்து கலங்கல் என்று பதிவானால் மலை வெட்டுவதை நிறுத்தச் சொல்லலாம். பதிவாகாவிட்டால் லயத்துப் பிள்ளைகள் அதைத்தான் குடிக்க வேண்டும்.

லயத்து மானம்

முதல் மாதம். விதிப்படி, போத்தலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஓட்டத்தை எதிர்த்து நின்று பிடித்தேன். ('விதிப்படி' என்பதை நான் அடிக்கடி சொல்வேன், என் மனைவியே பொறுத்துக்கொள்கிறாள்.) கொழுந்து வெட்டும் பார்வதி அக்காவின் வீட்டு வாசலில் போத்தலை வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளிலிருந்து ஐஸ் பெட்டியை எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் தண்ணீர் பளிங்காக இருக்கிறது. போத்தல் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. இந்த மலை இருக்கும் பஹாங் மாநிலத்தில் எரிமலை கிடையாது என்பது நான் படித்த புவியியல். அன்று ஓடையில் இரண்டாம் முறை இறங்க வேண்டியதாயிற்று. ஏன் இப்படி என்று கேட்டதற்கு அக்கா சொன்னார்:

"அந்தச் சேத்துத் தண்ணியவா சார் ஆபீசுக்குக் கொண்டு போவீங்க? நம்ம லயத்த என்னா நெனப்பாங்க? அத ஊத்திட்டு, காய்ச்சுன தண்ணி புடிச்சி வெச்சேன் லா!"

ஒரு பெட்டி முட்டைக்கோஸ்

இரண்டாம் மாதம் பாலத்தில் எனக்காகக் காத்திருந்தவர் சேகர், மேலே மலை வெட்டும் முதலாளியின் மேற்பார்வையாளர். அவர் காலடியில் ஒரு பெட்டி முட்டைக்கோஸ். கலங்கலுக்குக் காரணம் மழைதான் என்று அரைமணி நேரம் விளக்கினார். மழை பக்கத்து ஓடையிலும்தான் பெய்தது. அங்கே போய் ஒரு போத்தல் பிடித்தேன். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ண முடிந்தது.

குறிப்பேட்டில் 'இடத்தில் கண்டவை' என்ற பகுதியில் 'முட்டைக்கோஸ், ஒரு பெட்டி, ஏற்கப்படவில்லை' என்று எழுதினேன். சேகர் எட்டிப் பார்த்துவிட்டு நொந்துபோனார்:

"படிச்ச மனுசன் நீங்க. இதெல்லாமா சார் எழுதுவீங்க?"

படிக்கட்டு வசதி

தானா ராத்தா நகரிலுள்ள அலுவலகத்துக்கு எங்கள் மேலதிகாரி என்னை அழைத்தார். பாலத்தடியில் வழுக்குகிறதாம், என் பாதுகாப்பு முக்கியமாம். அடுத்த மாதம் காய்கறித் தோட்டத்துக்கும் மேலே போய்த் தண்ணீர் பிடிக்கலாமாம். அங்கே படிக்கட்டு இருக்கிறதாம். காய்ச்சல்காரனை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரன் வாயில் தெர்மாமீட்டர் வைப்பதற்கு ஒப்பான யோசனை இது என்று பணிவாகச் சொன்னேன். பிறகு, அந்த உத்தரவை எழுத்தில் தந்தால் அறிக்கையோடு இணைத்துவிடுகிறேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுத்துல வேணுமா? ஒனக்கு மாத்தல் வந்தா அதுவும் எழுத்துலதான்யா வரும்."

தேயிலை வழியே

மூன்றாம் மாதம் பாலத்துக்குப் போகும் ஒரே பாதையில், குறுக்கே ஒரு லோரி நின்றது. டிரைவர் இல்லை, சாவியும் இல்லை. ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினேன். நான் கேட்காமலேயே, கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையை விலக்கி வழி விட்டார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்ததை அவர்கள் பாலத்தில் நின்று பார்த்தார்கள். அவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் போதவில்லை.

மலைவெட்டை நிறுத்தும் உத்தரவு வந்தது. அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது: கடலோரத்தில் ஓர் ஊருக்கு மாற்றல். விடைபெறப் போனபோது பார்வதி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"மாத்திட்டாங்களா? போவட்டும் லா, சார். நீங்க எழுதுனத அழிக்க முடியலல்ல?"

ஓடையைச் சுத்தம் செய்வதைவிட ஆளை ஊர் கடத்துவது எளிது என்று கண்டுபிடித்தவர்களின் தகவலுக்கு: இந்தக் கடலோர ஊரின் ஆற்றில் நான் நேற்றே போத்தலோடு இறங்கிவிட்டேன்.