கெய்னர் விட்டுக்கொடுக்காத வீடு

கைகொடுத்து முடித்த பேச்சை அடுத்த மாதமே முறித்துப்போடுகிறவனை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? உங்கள் தெருவில் அதற்கு நாலைந்து சொற்களாவது இருக்கும், அவற்றில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது. இங்கிலாந்துச் சட்டத்தில் அவனுக்கு ஒரே பெயர்தான்: வீட்டை விற்பவர்.

கெய்னர் ஹோல்ராய்ட் லீட்ஸ் நகரில் பஸ் ஓட்டுகிறவர். ஆர்டன்ஷா மவுண்ட் என்ற எங்கள் தெருவுக்குக் கல்யாணம் ஆன புதிதில் வந்தார். கணவன் ஹல் நகரத்துப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். கெய்னர் போகவில்லை. மகளை அந்த வீட்டில்தான் வளர்த்தார், சமையலறையைத் தன் செலவில் மாற்றினார், மாடிப்படிக்குத் தானே சுவர்த்தாள் ஒட்டினார். வாடகை மட்டும் பர்ன்ஷா குடும்பத்துக்குப் போனது. முதலில் அப்பாவுக்கு, பிறகு அவர் விட்டுச்சென்றதை எல்லாம் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொண்ட மகன் நைஜலுக்கு. வீட்டுக்குச் சூடு தரும் கொதிகலன் பழுதாகும் குளிர்காலங்களில் மட்டும் நைஜல் பர்ன்ஷாவின் தொலைபேசியும் சேர்ந்து பழுதாகிவிடும்.

எங்கள் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், கதவு ஒன்றே, அது நேராகத் தெருவில் திறக்கும். கொல்லைப்புறம் கிடையாது. அழகில்லை என்பார்கள். ஆனால் கதவைத் திறந்தால் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது காதில் விழும், விழுந்தால் யாராவது வருவார்கள்.

பர்ன்ஷா வீட்டை விற்கப்போவதாகச் சொன்னபோது கெய்னர் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை.

"நான் வாங்கிக்கிறேன், மிஸ்டர் பர்ன்ஷா. நீங்க கேக்குற விலைக்கே."

"உன்னை விட்டா அந்த வீட்டுக்கு யாரு கெய்னர் பொருத்தம்? எங்கப்பா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு."

கெய்னரின் சமையலறையில், கெய்னர் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, எழுந்து நின்று கைகொடுத்தார். கெய்னர் வீட்டுக்கடனுக்கு ஏற்பாடு செய்தார், கட்டடத்தை ஆய்வு செய்ய ஆள் வைத்தார், வக்கீல் வைத்தார். எல்லாம் கைக்காசு. வாசலில் நட்டிருந்த தரகரின் பலகையில் 'விலை பேசியாயிற்று' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கெய்னர் வரும்போது அந்தச் சீட்டைக் காணோம்.

லண்டன் கம்பெனி ஒன்று கூடுதல் விலை சொல்லியிருந்தது. வார இறுதிக்கு ஊர் சுற்ற வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விட வீடுகள் வாங்கிப்போடும் கம்பெனி. தரகரின் அலுவலகத்திலிருந்து ஹியூகோ என்ற இளைஞன் போன் செய்தான். மிகவும் வருந்துவதாகச் சொன்னான். காலி செய்வதற்கான நோட்டீஸ் தபாலில் வரும் என்பதையும் அதே வருத்தத்தோடு சொன்னான்.

சட்டப்படி பர்ன்ஷா செய்தது குற்றமே இல்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை வக்கீல்கள் மாற்றிக்கொள்ளும் நிமிடம் வரை இந்த நாட்டில் கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லை. இடையில் பேச்சு முறிந்தால், வாங்குபவர் கட்டிய கட்டணம் எல்லாம் அவருக்கே நஷ்டம். வடக்கே எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் இந்த விளையாட்டு இவ்வளவு சுலபமில்லை. அங்கேயும் மழை இதே மழைதான், மனிதர்கள் இதே மனிதர்கள்தான். வேறு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

கெய்னரின் தங்கை லொரெய்ன் ஆறுதல் சொல்லப் போன் செய்தாள்.

"விடுடி. அந்த வீட்டுக்கு உனக்குக் கொடுப்பினை இல்லைன்னு நினைச்சுக்கோ."

"கொடுப்பினையாவது மண்ணாவது! கையைக் கொடுத்தவன் ஏமாத்துறான். பேரு, விலாசம், கார் நம்பர் வரைக்கும் எனக்குத் தெரியும். அவனை விட்டுட்டு எதுக்குடி வானத்தைப் பாக்கச் சொல்றே?"

இந்தப் பதிலுக்காகவே கெய்னரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் ஹியூகோ வீட்டைப் படம் எடுக்க வந்தான். வந்தது திங்கட்கிழமை. எங்கள் தெருவில் திங்கட்கிழமை என்றால் துணி காயப்போடும் நாள். கொல்லை இல்லாத வீடுகளுக்குத் தெருதான் கொல்லை. இந்தப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எதிர் வீட்டுச் சுவருக்குக் கொடி கட்டி, படுக்கை விரிப்பு முதல் உள்ளாடை வரை தெருவின் தலைக்கு மேலே தொங்கும். வேன் வந்தால் யாராவது கத்துவார்கள், கவைக்கோலால் கொடியைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவார்கள். கெய்னர் வீட்டுச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டியிருப்பது எதிர் வீட்டு டெரிக் க்ராஸ்லியின் கொடி.

ஹியூகோ கேமராவை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தான். எங்கே வைத்தாலும் டெரிக்கின் நீளமான உள்காற்சட்டை படத்துக்குள் வந்தது.

"இதைக் கொஞ்சம் எடுக்க முடியுமா?"

பக்கத்து வீட்டு ஷாஹீதா வாசலில் நின்று கிளிப் குத்திக்கொண்டிருந்தார். "எதை, கண்ணு? காற்சட்டையையா, டெரிக்கையா?"

அவன் சிரிக்கவில்லை. கம்பெனிக்குத் தெரு சுத்தமாக இருக்க வேண்டுமாம். விருந்தினர்கள் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கும்போது தலையில் ஈரத்துணி இடிக்கக் கூடாதாம். சுவரில் கொக்கி இல்லாமல் வீட்டைத் தருவதாக பர்ன்ஷா ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு ஈடாக எதிர் வீட்டுக்குத் துணி உலர்த்தும் மெஷின் ஒன்று இலவசம்.

"கரண்டு பில்லும் இலவசமா?" என்றார் ஷாஹீதா.

கெய்னர் அன்று மாலையே சமூகக் கூடத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கொடியை எத்தனை வருஷமா கட்டுறாங்க?" டெரிக் அந்த வீட்டை வாங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டாவது கேள்வி, "யார்கிட்டயாவது அனுமதி கேட்டாங்களா?"

துணி காயப்போட யாரிடம் அனுமதி கேட்பார்கள்?

"அப்ப நல்லது," என்றார் அந்த அம்மாள். இருபது ஆண்டுக்கு மேல், ஒளிக்காமல், யாருடைய தயவும் இல்லாமல் செய்துவந்தது டெரிக்கின் வீட்டுக்கு உரிமையாகவே ஆகிவிட வாய்ப்பு உண்டு. வீடு யார் கைக்கு மாறினாலும் கொக்கி கொக்கிதான். "ஒரே ஒரு ஜாக்கிரதை. இப்ப அவங்க வந்து, 'பரவாயில்லை, நாங்க அனுமதிக்கிறோம்'னு சொல்லுவாங்க. அதை ஏத்துக்கிட்டா நாளைக்குக் கோர்ட்ல அது அவருக்கு எதிராத் திரும்பும். உரிமை உள்ளவர் அனுமதியை வாங்கிக்க மாட்டாரே."

கெய்னருக்குக் கவலை வந்தது. காரணம், டெரிக். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர், நன்றி சொல்வதை நிறுத்தத் தெரியாதவர். அவர் காலை யாராவது மிதித்தால் மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்பார். பார்க்கிங் அபராதச் சீட்டு எழுதியவரிடம் "சிரமம் கொடுத்துட்டேன்" என்றவர். இது டெரிக் ஒருவரின் நோய் அல்ல, இந்த நாட்டின் பாதிப் பேருக்கு உண்டு. தங்கள் பாக்கெட்டில் கைவிடுகிறவன் "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டுக் கைவிட்டால், பாக்கெட்டைத் திறந்து பிடிப்பார்கள். பண்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கு லாபம் என்று பார்த்தால் அதன் உண்மையான பெயர் தெரிந்துவிடும்.

கெய்னர் இரவே டெரிக்குக்கு எல்லாவற்றையும் விளக்கினார். டெரிக் தலையாட்டினார். "விளக்கமாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி, கெய்னர்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஹியூகோ வந்தான். இந்த முறை பர்ன்ஷாவும் கூட வந்தார். டெரிக் கதவைத் திறந்தார். தெருவின் அகலம்தான் இடைவெளி, கெய்னர் மாடி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்டர் க்ராஸ்லி, உங்களைக் கஷ்டப்படுத்த எங்களுக்கு இஷ்டமில்ல சார்," என்றான் ஹியூகோ. "இந்த மாசம் முடியுற வரைக்கும் அந்தக் கொக்கியை நீங்க தாராளமாப் பயன்படுத்திக்கலாம். மிஸ்டர் பர்ன்ஷா சந்தோஷமா அனுமதி கொடுக்கிறாரு."

டெரிக்கின் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. "அது ரொம்பப் பெரிய மன..."

"டெரிக்!" கெய்னரின் குரலுக்கு பஸ்ஸில் நிற்கும் கூட்டம் முழுதும் பின்னால் நகரும். "அந்த வார்த்தையைச் சொன்னே, இனி உனக்கு என் வீட்டுல ஞாயித்துக்கிழமை சாப்பாடு கிடையாது!"

"நீ சும்மா இரு, கெய்னர்," என்றார் பர்ன்ஷா. "இது உனக்குச் சம்பந்தமில்லாதது."

"என் வீட்டுச் சுவரு, மிஸ்டர் பர்ன்ஷா."

"என் சுவரு!"

"கைகொடுத்தீங்களே, ஞாபகமிருக்கா? அந்தக் கை எங்கே? பாக்கெட்லயா?"

தெருவில் மூன்று நான்கு கதவுகள் திறந்தன. டெரிக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"தம்பி," என்றார் ஹியூகோவிடம், மிக மெதுவாக. "உன் அனுமதி எனக்கு வேண்டாம்."

"சார், நாங்க நல்லெண்ணத்துல..."

"வேண்டாம்னேன். அந்தக் கொக்கியில முன்ன என் பெண்டாட்டி துணி காயப்போட்டா, இப்ப நான் காயப்போடுறேன். யாரையும் கேட்டதில்ல. இனியும் கேக்க மாட்டேன். மெஷினை நீயே வெச்சுக்கோ." சற்று யோசித்தார். மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று எங்களுக்கு மூச்சே நின்றது. "அப்புறம், என் வாசற்படியை விட்டு இறங்கு."

ஷாஹீதா கைதட்டினார்.

துணியோடு வழக்கும் காய்ந்துகொண்டிருக்கும் கொடி மாட்டிய வீட்டை லண்டன் கம்பெனி வாங்க விரும்பவில்லை. வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள். பர்ன்ஷா மறுபடி கெய்னர் வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய விலைக்கும் லண்டன் விலைக்கும் நடுவில் ஒரு விலை சொன்னார்.

கெய்னர் அவரை உள்ளே கூப்பிடவில்லை, தேநீரும் போடவில்லை.

"பேசின விலை. அதுக்கு மேல ஒரு பென்னி கிடையாது. அடுத்த வெள்ளிக்குள்ள ஒப்பந்தம் கைமாறணும். இல்லேன்னா இந்தக் கொக்கியோட, என்னோட, டெரிக்கோட வீட்டை விக்கப் பாருங்க."

"கொஞ்சம் நியாயமா பேசு, கெய்னர்."

"இவ்வளவு நாளா அதைத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

வெள்ளிக்கு முன்பே ஒப்பந்தம் கைமாறியது. கெய்னர் இன்று அந்த வீட்டின் சொந்தக்காரி.

இதை வெற்றிக்கதை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வாக்குக் கொடுத்தவனை வாக்கில் நிற்கவைக்க ஒரு பெண்ணுக்கு எதிர் வீட்டுக்காரரின் உள்காற்சட்டை தேவைப்பட்டது. கொடி இல்லாத தெருக்களில் எத்தனை கெய்னர்கள் பெட்டி கட்டியிருப்பார்கள்? இந்தச் சட்டத்தை மனிதர்கள் எழுதினார்கள், மனிதர்களே திருத்தலாம். நீங்கள் இந்த நாட்டில் வாக்களிக்கிறவர் என்றால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்த வாரமே எழுதுங்கள். விற்பவர் விலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே அது அவரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேளுங்கள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தால், எந்தத் தேதிக்குள் என்று திருப்பி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு அவர் அலுவலக வாசலில் போய் நில்லுங்கள்.