தாமரைப் பலகைக்குக் கீழே எழுதியிருந்தது

சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய பழைய கல்வீட்டை 'மக்கள் அருங்காட்சியகம்' என்று பெயரிட்டுத் திறந்தார்கள். அன்றைக்கு வந்திருந்தவர்களைச் சொல்கிறேன்: வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து அந்தப் பொருள்களையெல்லாம் சேகரித்த ஐயா, அவருடைய உறவினர்கள், பொன்னாடைக்குரிய பெரியவர்கள், நாதஸ்வரக்காரர், எங்கள் விரிவுரையாளர், கலை வரலாறு படிக்கிற மாணவர்களான நாங்கள். வராதவர்கள்: அந்த வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்த பொருள்களை ஒரு காலத்தில் வைத்துப் பாவித்தவர்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் அழைக்கவில்லை. ஒருவர் மட்டும் அழைக்காமலே பஸ் ஏறி வந்தார். அவர் என் உம்மா.

கோபத்தோடு எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்து பார்த்தேன். ஆறவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகத்தெருவில். தொண்ணூறாம் ஆண்டு போரின் நடுவே முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் ஏந்திய இயக்கம் வெளியேறச் சொன்னபோது உடுத்த உடுப்போடு போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டிலில். ராத்தா, என் அக்கா, பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். வாப்பா பழைய இரும்பு வாங்கி விற்றவர். ஊருக்குத் திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டே அங்கேயே மௌத்தாகிவிட்டார். போர் முடிந்த பிறகுதான் உம்மாவும் நானும் ஊருக்குத் திரும்பி வந்தோம். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் பரீட்சை பாஸ் பண்ணிப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போனதும் எடுத்த பாடம் கலை வரலாறு. வீட்டில் அதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"பழைய சாமானைப் பற்றிப் படிக்கிறதோ?" என்று உம்மா கேட்டார். "உன்ரை வாப்பாவும் பழசுதானே வாங்கி வித்தவர். அதுக்கு நாலு வருசம் படிக்கோணுமோ மகன்?"

எனக்கு அந்தப் பாடத்தில் அவ்வளவு ஆசை வந்ததற்குக் காரணம், பொது அருங்காட்சியகம் என்ற ஒன்று உலகத்தில் எப்படி வந்தது என்ற கதை. முதலில் அரசர்களும் பிரபுக்களும் தங்கள் மாளிகைகளில் அறை அறையாக அபூர்வப் பொருள்களைச் சேர்த்து வைத்தார்கள். அவர்களும் அவர்களின் நண்பர்களும்தான் பார்க்கலாம். பிறகு ஒரு தேசத்துச் சனங்கள் அரசனையே தூக்கி எறிந்துவிட்டு, அவனுடைய மாளிகைக் கதவைத் திறந்து, இதெல்லாம் இனி எங்களுடையது, யாரும் வந்து பார்க்கலாம் என்றார்கள். இதை வகுப்பில் கேட்ட நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூட்டை முடிச்சுகூட இல்லாமல் துரத்தப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, எல்லோருக்கும் சொந்தமான ஒரு வீடு உலகத்தில் உண்டு என்பது சின்னச் செய்தியா? இறுதியாண்டு ஆய்வுக்கும் அதையே எடுத்தேன்.

திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, பொருள்களைத் துடைத்து ஒழுங்குபடுத்த எங்களைக் கூட்டிக்கொண்டு போனார் விரிவுரையாளர். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படித்ததைக் கையால் தொட்டுச் செய்கிற முதல் வேலை. பெரிய அலுமாரிகள், பித்தளைக் குத்துவிளக்குகள், பெட்டகங்கள், தேர்ச்சிற்பத் துண்டுகள். நடு அறையில் ஒரு மேடையில் மடக்குப் பலகை ஒன்று இருந்தது. ஒரே மரத்தில் குடைந்து, விரித்தால் பெருக்கல் குறிபோல நிற்கிற பலகை. இரண்டு பக்கமும் தாமரைப்பூ செதுக்கியிருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் எழுத்து: 'புராணப் படிப்புக்கான ஏட்டுப் பலகை. வலிகாமம்.'

கோயில்களில் ஒருவர் புராணம் வாசிக்க இன்னொருவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்கிற வழக்கம் எங்கள் குடாநாட்டில் பெயர்போனது. அதற்கு இப்படி ஏதும் பலகை பாவித்தார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வடிவத்தைப் பார்த்ததும் எனக்குக் குர்ஆன் வைத்து ஓதுகிற பலகைதான் ஞாபகம் வந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினேன்.

உம்மா போனை வாங்கி யன்னலடிக்குப் போய்ப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"புராணமோ? அல்லாவே! அதில வைச்சு எத்தினை பிள்ளையளுக்கு அலிஃப், பே சொல்லிக் குடுத்திருப்பன்."

"உம்மா, இது மாதிரி எத்தினையோ இருக்கும்."

"தாமரை போட்டது இருக்குமோ? என்ரை வாப்பா எனக்கெண்டு செய்விச்சது. செய்தவர் கோயில் வாகனம் செய்யிற ஆசாரியார். நான் ரோசாப்பூக் கேட்டன். 'பிள்ளை, எனக்குத் தாமரைதான் கைவரும், ரோசா வெட்டினால் கறி வைக்கிற கோவாப்பூ மாதிரி வரும்' எண்டிட்டார்." படத்தை இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "ஒரு காலுக்குக் கீழ தகரம் இருக்கும். உன்ரை ராத்தா குழந்தையில ஏறி இருந்து வெடிச்சுப் போச்சு. உன்ரை வாப்பா தகரம் வைச்சு அடிச்சவர். திருப்பிப் படம் எடுக்கேல்லையோ நீ?"

நான் திருப்பி எடுக்கவில்லை. அடுத்த நாளே ஐயாவிடம் போய்ப் பணிவாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, தாமரை வெட்டியிருக்கு, கண் தெரியேல்லையோ உமக்கு? உங்கடை ஆக்கள் தாமரை வெட்டுவினமோ?"

ஆசாரியாரின் கதையைச் சொன்னேன். "நல்ல கதை. நான் பழைய சாமான் கடையில காசு குடுத்து வாங்கினது. விறகுக்குப் போக வேண்டியதைக் காப்பாத்தி வைச்சிருக்கிறன். நீர் நாலு புத்தகம் படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்" என்றார்.

விரிவுரையாளரிடம் சொன்னேன். "நீர் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனா விழா முடியட்டும், ஆறுதலாப் பாப்பம்" என்றார். விழா நாளில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல எங்களை அறை அறையாக நிறுத்தினார்கள். என்னை மட்டும் நடு அறையிலிருந்து எடுத்து, பின்பக்கம் கலப்பையும் துலாவும் வைத்திருந்த அறைக்கு மாற்றியிருந்தார். பார்த்தீர்களா, படித்தவர்கள் எவ்வளவு அழகாக வாயை மூடுகிறார்கள்!

நாதஸ்வரம் நின்று, பொன்னாடைகள் முடிந்து, ஆட்கள் உள்ளே வரத் தொடங்கிய நேரம் என் போன் அடித்தது. உம்மா. வாசலில் நிற்கிறாராம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பெருநாளுக்கு எடுத்த கறுப்பு அபாயா, வியர்த்த முகம். வாசலில் நின்றவர் அழைப்பிதழ் கேட்டு மறித்து வைத்திருந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. பழைய காலத்தில் ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்கு என்று திறந்துவிட்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் உள்ளே விட்டார்களாம். அதை நான் ஆய்வில் கேலியாக எழுதியிருந்தேன். இங்கே மதிலில் 'மக்கள்' என்று முழ நீளத்துக்கு எழுத்து, அதன் கீழே என் உம்மாவிடம் அழைப்பிதழ் கேட்கிறார்கள்.

"இவ என்னோட வந்தவ" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

உம்மா அலுமாரியைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. நேரே அந்தப் பலகையடிக்குப் போனார். முன்னால் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு மேலால் கை நீட்டியதும், விருந்தினர்களோடு நின்ற ஐயா சத்தம் போட்டார்.

"அம்மா, கை வைக்காதேங்கோ!"

உம்மா கையை இழுத்துக்கொண்டார். "ஐயா, கோவிக்காதேங்கோ. இது என்ரை."

ஐயா விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்தார். "இஞ்ச வாற எல்லாருக்கும் ஒவ்வொண்டைப் பாக்க அப்பிடித்தான் இருக்கும். அதுதானே அருங்காட்சியகம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பகிடியை ரசித்த சிரிப்பு.

"ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ ஐயா. ஒரு காலுக்குக் கீழ தகரம் அடிச்சிருக்கும்."

"பழசுகளை உப்பிடித் திருப்பிப் பிரட்ட ஏலாது. உடைஞ்சிடும்."

நான் கயிற்றைத் தாண்டினேன். அரும்பொருளை வெறும் கையால் தொடக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். தொட்டேன், தூக்கினேன், திருப்பினேன். காலுக்குக் கீழே கறள் பிடித்த தகரம். அதைப் பார்த்ததும் உம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை இப்போது. ஐயாவின் முகம் சிவந்துபோனது. "தகரம் எந்த வீட்டிலயும் அடிப்பினம்" என்றார்.

"திருப்ப முன்னமே உம்மா எப்பிடிச் சொன்னவ?" என்று கேட்டேன்.

விரிவுரையாளர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "தம்பி, வையும் அதை. பிறகு கதைப்பம்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் ஐயா அந்த வார்த்தையைச் சொன்னார்: "வாற வாற ஆக்களெல்லாம் இது எங்கடை, இது எங்கடை எண்டு கேட்டால், இந்த வீட்டில பிறகு என்ன மிஞ்சும்?"

எனக்குச் சுருக்கென்றது. படைகள் போன நாடுகளிலிருந்து பொருள்களை அள்ளிக்கொண்டுபோய் நிரப்பிய பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் இன்றைக்கும் சொல்கிற பதில் இதுதான். திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் எங்களிடம் என்ன மிஞ்சும்? அதை நான் நூலகத்தில் வாசித்துக் குறிப்பெடுத்தேன். எங்கள் ஊர்த் தமிழில், என் உம்மாவின் முகத்துக்கு நேரே கேட்பேன் என்று நினைக்கவில்லை. அரசனை எறிந்த சனங்களின் கதையை மட்டும் ஆசையாகப் படித்துவிட்டு, அந்த மாளிகை எப்படி நிரம்பியது என்பதை ஓர் அத்தியாயத்தில் வேகமாகக் கடந்திருந்தேன்.

"தாங்கோ, கொண்டு போறம்" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு உது வேண்டாம் மகன். வீட்டை கொண்டுபோனால் எனக்கு மட்டும்தான் தெரியும். இஞ்ச இருக்கட்டும். எழுத்தை மட்டும் மாத்தச் சொல்லு."

எனக்கு உம்மாவிலும் கோபம் வந்தது. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று காதுக்குள் சீறினேன். "நான் எங்கை விட்டனான்?" என்று கேட்டுவிட்டு, உம்மா அந்த மேடைக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார்.

"எழும்புங்கோ அம்மா, ஆக்கள் வருகினம்" என்றார் ஐயா.

"வரட்டும். எழுத்தை மாத்துறன் எண்டு சொல்லுங்கோ, எழும்பிறன்."

எழும்பவில்லை. வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் உம்மா முதலிலிருந்து சொன்னார்: ரோசாப்பூ, ஆசாரியார், கோவாப்பூ, தகரம். ஒரு பெண் தகரத்தைக் காட்டும்படி கேட்டார். நான் காட்டினேன். இன்னொருவர், தன் தகப்பன் சோனகத்தெருவில்தான் உடுப்புத் தைக்கக் கொடுப்பார் என்று கதை சொல்லத் தொடங்கிவிட்டார். மற்ற அறைகளில் நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அலுமாரிகளைப் பார்க்க ஆளில்லை.

விருந்தினர் சாப்பிடப் போன பிறகு ஐயா எங்களை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். மாற்றுகிறாராம். ஆனால் தகடுகளெல்லாம் கொழும்பில் வெட்டுவித்தவையாம், புதுத் தகட்டின் செலவை நாங்கள்தான் தர வேண்டுமாம். பதினையாயிரம் கேட்டார். நான் கத்தப் போனேன். உம்மா என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மீன் விலை பேசுவதுபோலப் பேசத் தொடங்கினார்.

என்ன எழுதுவது என்பதிலும் இழுபறி. 'குர்ஆன் ஓதும் பலகை' என்பதற்கு ஐயா சம்மதித்தார். 'சோனகத்தெரு, யாழ்ப்பாணம்' என்பதற்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார். ஆசாரியார் செய்தது என்பதும் சரி. '1990இல் உரியவர்கள் வெளியேற்றப்பட்டபோது விடப்பட்டது' என்று நான் சொன்ன வரிக்கு மட்டும் தலையாட்டவில்லை. "அரசியல் வேண்டாம் தம்பி, சின்னப் பிள்ளையள் வந்து பாக்கிற இடம்."

அந்த வரி இன்னும் இல்லை. ஆய்வில் நான் எழுதினேன். விரிவுரையாளர் அந்தப் பக்கத்தை ஒரு கருத்தும் சொல்லாமல் திருப்பித் தந்தார். ஆறு மாதம் கழித்துத் தகடு வந்தது. உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார், தெருவின் பெயரை மட்டும் இரண்டாம் முறையும். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அருங்காட்சியகம் எதற்குள் கால் வைத்தாலும், பொருளைப் பார்ப்பதற்கு முன்னால், இதை வைத்திருந்தவர்கள் இப்போது எங்கே என்று என் கண் தேடுகிறது. மக்கள் அருங்காட்சியகம் என்று பெயர் வைத்த ஒரு வீட்டில் நாங்களும் மக்கள்தான் என்று எழுதுவிக்க, உம்மா பேசிக் குறைத்த பிறகும், எங்களுக்குச் செலவானது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.