சின்னக் கார் ஏறாத மலை

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு டெலிபோன் அடித்தபோது எழிலரசி மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பேசியது டாக்டர். சேனாபதி வீட்டில் இருக்கிறாரா, உடனே பேச வேண்டும் என்றார்.

"அவர் வேலை விஷயமா மலைக்குப் போயிருக்காருங்க. புதன்கிழமைதான் வருவார்" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிகிறதா என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிப்ரவரியில் கோயமுத்தூரிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிய நீண்ட விமானப் பயணத்தில் சேனாபதிக்குக் காலில் ரத்தம் கட்டிவிட்டது. அது கரைவதற்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போன ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்திருக்கிறது. ரத்தம் உறையவே உறையாது என்கிற அளவுக்குத் தண்ணீராகியிருக்கிறது. புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?

"பல் வீங்கியிருந்தது. டென்டிஸ்ட் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்."

"அதுதான்" என்றார் டாக்டர். "இரண்டும் சேரக் கூடாது. இன்று ராத்திரி அந்த ரத்தம் இளக்கும் மாத்திரையை அவர் போடக் கூடாது. கீழே விழக் கூடாது. தலையில் சின்ன அடி பட்டாலும் உள்ளே கசியும், நிற்காது. எப்படியாவது இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்."

தோசை கருகியது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. இரண்டு மருந்தையும் ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட்டு, பையில் வைத்து அனுப்பியது அவள்தான்.

சேனாபதிக்கு வேலை, பூமிக்கடியில் சூடு எங்கே இருக்கிறது என்று அளப்பது. கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மூலையில், எப்போதோ நெருப்பைக் கக்கி ஓய்ந்த எரிமலை மேட்டில், அவனும் டேல் என்கிற வெள்ளைக்காரனும் கூடாரம் போட்டு, மைல் கணக்கில் ஒயர் விரித்து அளந்துகொண்டிருந்தார்கள். 1996 ஜூன் மாதம். அங்கே டெலிபோன் கிடையாது. டேலின் டிரக்கில் ஒரு ரேடியோ இருந்தது. அதன் அலையையும் மலை மறைத்துவிடும். புதன்கிழமை ஊருக்குள் இறங்கினால்தான் பேச்சு.

கம்பெனி நம்பரில் மிஷின்தான் பேசியது. அந்தப் பக்கத்து போலீஸில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மேல் பாதையில் இன்னும் பனி கிடக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் போக முடியாது, அப்படிப்பட்ட வண்டி ஹைவேயில் ஒரு பெரிய விபத்துக்குப் போயிருக்கிறது, நாளைக்கு அனுப்புகிறோம் என்றாள்.

நாளைக்கு. ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு மணிக்கு.

பக்கத்து அப்பார்ட்மென்டில் மேர்சி அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸாக இருந்தவர். பிள்ளையை ஒப்படைத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னதும் அவருக்கு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. புரிந்ததாலேயே முகம் வெளுத்துப் போனது.

"நீ ஃப்ரீவேயில கார் ஓடினதே இல்லையே பிள்ளை. என்ர மனுசன் டியூட்டி முடிஞ்சு ரெண்டு மணிக்கு வந்துடுவார். கொஞ்சம் பொறு, அவரோட போ."

"ரெண்டு மணிக்குக் கெளம்புனா போய்ச் சேர ராத்திரி ஆயிருமுங்க அக்கா. அதுக்குள்ள அவரு மாத்திரயப் போட்டுருவாரு."

"அம்மா, வேர் ஆர் யூ கோயிங்?" என்று ஆறு வயது விதுஷா கேட்டாள்.

"அப்பாவக் கூட்டிட்டு வர்றேன் கண்ணு."

ஃப்ரிட்ஜ் கதவில் சேனாபதி கூடாரத்துக்கு வழி வரைந்து ஒட்டியிருந்த படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். ஏரி, ஏரிக்கு இடப்பக்கம் பிரியும் மண்பாதை, அதில் ஏழு மைல், மரங்களில் மஞ்சள் நாடா. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதன் பின்பக்கம் மேர்சியின் நம்பரை எழுதிக்கொண்டாள்.

எப்படி ஓட்டினாள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவளால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. வலது ஓர லேனை விட்டு நகரவேயில்லை. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்ததில் விரல்கள் மரத்துப் போயின. பெட்ரோல் போட ஓரிடத்தில் இறங்கியதோடு சரி. சாஸ்தா என்கிற பனிமலை வெள்ளையாகத் தெரிந்தபோது மணி இரண்டரை. அங்கிருந்து கிழக்கே திரும்பி, பைன் காட்டுக்குள் ஒற்றை ரோட்டில் போனாள். காட்டிலாகா ஆபீஸ் பூட்டியிருந்தது. அதைத் தாண்டி ரோட்டோரம் ஒரே ஒரு கடை. வாசலில் ஒரு கிழவர் தன் பிக்கப்பைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி வைத்து அச்சை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

ஏரிக்கு மேலே போக வேண்டும் என்றதும் அவர் அவளுடைய காரைப் பார்த்தார். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத சின்னக் கார்.

"இதிலா? வேண்டாம்மா."

அவள் காரணத்தைச் சொன்னாள். சொல்லும்போது முதல்முறையாக அழுதாள். கிழவர் எழுந்து, கழன்று கிடந்த தன் சக்கரத்தை ஒருமுறை பார்த்தார். அது இன்றைக்கு மாட்டக்கூடியதாக இல்லை. பிறகு ஒன்றும் பேசாமல் அவள் காருக்கு அருகே குந்தி, மண்ணில் பிடிப்புக் கிடைக்க நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார்.

"கவனமாகக் கேள். கல்லை நடுவில் விட்டுப் போகாதே, வயிறு தட்டும். சக்கரத்தைக் கல்மேல் ஏற்று. கரி மாதிரி பொடிமண் வந்தால் நிற்காதே, நின்றால் புதைந்துவிடும். பனி வந்தால் இறங்கி நட." ஒரு பாட்டில் தண்ணீரும் தன் கனத்த சட்டையையும் ஜன்னல் வழியே போட்டார். போலீஸுக்குத் தானும் போன் செய்வதாகச் சொன்னார்.

ஏரி வரைக்கும் தார் ரோடு. அதற்குப் பிறகு கிழவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கறுப்புப் பொடிமண்ணில் கார் வாலை ஆட்டிக்கொண்டு போனது. கற்கள் வந்தன. சக்கரத்தை மேலே ஏற்று, மேலே ஏற்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். முதல் மஞ்சள் நாடாவைப் பார்த்ததும் "முருகா" என்றாள். ஒரு மைல், ஒன்றரை, இரண்டு, மூன்று. பாதை ஒடுங்கியது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் எரிமலைக் குழம்பு உறைந்துபோன கறுப்புக் கல் சரிவு. அங்கே ஒரு திருப்பத்தில் இடது சக்கரம் கல்லிலிருந்து வழுக்கியது. கீழே தகரம் கிழிவது போல ஒரு சத்தம். கார் நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் சுற்றின.

இறங்கிப் பார்த்தாள். வண்டி பாறைமேல் வயிறு பதித்து, பாதையை அடைத்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்திருந்தது. எண்ணெய் ஒழுகியது. கையால் தள்ளினாள், தோளால் தள்ளினாள். பிறகு கிழவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். மணி ஐந்தே முக்கால்.

ஏழாயிரம் அடி உயரம். இருபது எட்டுக்கு ஒருமுறை மூச்சு நின்று நின்று வந்தது. கொசு முகத்தை மொய்த்தது. வெள்ளைக் கற்கள் கால் பட்டால் எடையே இல்லாமல் உருண்டன. கறுப்புக் கண்ணாடிக் கற்கள் கான்வாஸ் செருப்பைக் கிழித்துப் பாதத்தை வெட்டின. தன் ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிட்டதைப் பார்த்துவிட்டு எட்டி நடந்தாள். நிழலான இடங்களில் பனி முழங்கால் வரை கிடந்தது. அதில் டிரக் போன தடத்துக்குள்ளேயே கால் வைத்து நடந்தாள். ஏழு மணி ஆனபோது வாட்சைப் பார்த்துவிட்டு ஓட முயன்று, முடியாமல் குப்புற விழுந்தாள். "போடாதீங்க, போடாதீங்க" என்று காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏழேமுக்கால். டிரக் இல்லை. ஆள் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. அவன் பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தாள். சனிக்கிழமை அறையில் மாத்திரைகள் அப்படியே இருந்தன. டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

கூடாரத்திலிருந்து ஒரு ஆரஞ்சு நிற ஒயர் கல்காட்டுக்குள் போயிற்று. அந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு காலில் ஏறுகிறவள் போல ஏறினாள்.

ஒயரின் மறுகோடிக்குக் கொஞ்சம் முன்னால், பாறையில் சாய்ந்தபடி சேனாபதி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டேல். சாயங்காலம் நாலு மணிக்கு வழுக்கி விழுந்திருக்கிறான். வலது முழங்கால் தேங்காய் அளவு வீங்கியதால் பேன்ட்டைக் கிழித்து விட்டிருந்தார்கள். தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். டிரக்கை முடிந்தவரை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, டேல் அவனைத் தூக்க ஒரு கம்புப் படுக்கை கட்டிக்கொண்டிருந்தான். சுளுக்குதான், கொஞ்சம் ஓய்வெடுத்தால் நடந்துவிடலாம் என்று நினைத்தே இருவரும் இத்தனை நேரம் காத்திருந்தார்கள்.

"எழிலு? நீ எப்பிடி... பாப்பாவுக்கு என்னாச்சு?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. தலைல அடி பட்டுச்சா? சொல்லுங்க, தலைல பட்டுச்சா?"

"இல்ல. காலுதான்."

"மாத்திர போட்டீங்களா?"

"இன்னும் சாப்பிடவே இல்ல. ஏன்?"

அவள் பதில் சொல்லாமல் அவன் தலையை இரு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு டேலிடம் டாக்டர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னாள். இலக்கணம் எங்கெங்கோ போயிற்று. டேலின் முகம் மாறியது. கம்புப் படுக்கையின் ஒரு முனையை அவளும் தூக்கினாள்.

டிரக் கீழே இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சேனாபதி பல்லைக் கடித்தான். வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. அந்தத் திருப்பத்தில் டேல் பிரேக் போட்டான்.

எதிரே அவர்களுடைய கார், பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு.

இருந்தது அந்த ஒரு பாதைதான். மறுபக்கம் இறங்குகிற பாதை பனியில் மூடிக் கிடந்தது. புருஷனைக் காப்பாற்ற வந்தவள், அவன் இறங்கும் வழியில் தானே கல்லைப் போட்டு வைத்திருக்கிறாள். டேல் சங்கிலி கட்டிப் பின்னால் இழுத்துப் பார்த்தான். பாறை விடவில்லை. இரண்டாம் தடவை இழுத்ததில் டிரக்கே சறுக்கியது. சேனாபதி உள்ளிருந்து, "எனக்குத் தல சுத்துது எழிலு" என்றான்.

டேல் காரைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கேட்கத் தயங்கினான்.

"தள்ளுங்க" என்றாள் தமிழிலேயே. அவன் விழிக்கவும், கையைச் சரிவுப் பக்கம் வீசிக் காட்டினாள். "தள்ளு! புஷ் இட்!"

டிரக்கின் மூக்கை வைத்து டேல் தள்ளினான். சின்னக் கார் முனகிக்கொண்டே ஓரத்துக்குப் போய், ஒரு கணம் தொங்கி, கறுப்புக் கற்களில் உருண்டு கவிழ்ந்தது. விதுஷாவின் சீட் உள்ளேயே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் டிரக்கில் ஏறி, சேனாபதியின் தலையை மடியில் வைத்து, குலுக்கல் படாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை கையை எடுக்கவில்லை.

ரெட்டிங் நகர ஆஸ்பத்திரியில் அவனுக்குப் புது ரத்தநீர் ஏற்றினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். தலையைப் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே கசிவில்லை என்று சொல்ல விடிந்துவிட்டது. இன்னும் ஒரு வேளை மாத்திரை போயிருந்தால் நான் எதுவும் உறுதி சொல்லியிருக்க மாட்டேன் என்றார் அங்கிருந்த டாக்டர்.

மேர்சிக்கு போன் செய்ய வேண்டும் என்பது ஞாயிறு மதியம்தான் அவளுக்கு நினைவு வந்தது. அதற்குள் போலீஸ் வண்டி மலையேறி, காலிக் கூடாரத்தையும் சரிவில் கவிழ்ந்த காரையும் பார்த்துவிட்டு, காருக்குள் கிடந்த அந்தப் படத்தின் பின்பக்கமிருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருந்தது. அது மேர்சியின் நம்பர்.

"ஆர் கதைக்கிறது?"

"நாந்தானுங்க அக்கா, எழில்."

கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. "நீ உயிரோட இருக்கிறியோ? நான் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்றதெண்டு தெரியாம காலமையிலிருந்து அவளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு திரியிறன்."

"பாப்பாகிட்ட குடுங்க."

விதுஷா போனில் வந்து, அப்பா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சேனாபதியின் முழங்கால் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவில்லை. மலை வேலை போயிற்று. கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒருநாள் அவன், "போலீஸ் வர்ற வரைக்கும் நீ காத்திருக்கலாமே எழிலு, அந்தப் பாறையில உனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?" என்றான். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். ஏழு மணியிலிருந்து ஏழேமுக்கால் வரை அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நடந்த அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றி அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். "பசிக்குதா, சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.