ஜன்னலைச் சாத்தினேன், திரியைக் கொளுத்தினேன்

அன்று காத்தான்குடி எங்கும் சாம்பல் நிறப் புகைமூட்டம். வாவியின் அக்கரைகூடத் தெரியவில்லை. சுவாச நோயாளிகள் வெளியே வர வேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். என் ஆறு வயது மகள் ஸப்ராவுக்கு இழுப்பு இருப்பதால், எல்லா ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினேன்.

மாலையில் நுளம்புக் கடி, கொசுத் தொல்லை தாங்கவில்லை. அவள் படுத்திருந்த அறையில் நுளம்புத்திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தோள்கள் ஏறி இறங்க மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

“உம்மா, ஏலாம கிடக்கு” என்றாள். உதடுகள் கறுத்திருந்தன.

கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்த பிறகே மூச்சு சீரானது.

“வீட்டுக்குள்ள ஏதும் பத்த வெச்சீங்களா?” என்று டாக்டர் கேட்டார். திரியைப் பற்றிச் சொன்னேன்.

“வெளிப்புகைய மறிச்சுப்போட்டு உள்ளுக்குப் புகை போட்டிருக்கீங்க அம்மா. அது போக வழியில்லையே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் நுளம்புவலைதான். சாம்பிராணி போடுவதையும் நிறுத்திவிட்டேன். வலைக்கு வெளியே நின்று மகளின் மூச்சைச் சற்று நேரம் கேட்ட பிறகே படுக்கப் போகிறேன்.

– ஒரு தாய், காத்தான்குடி